அழகின் அளவுகோல்

தூத்துக்குடிக்கும் ஓட்டப்பிடாரத்திற்கும் இடையே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் புதியம்புத்தூர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கும் நாடு அது. மழை பலமுறை ஏமாற்றிய அந்த நாட்டில், இவ்வூர் மக்கள் தையல் இயந்திரத்தைத் துணையாகக் கொண்டனர். இன்று ‘குட்டித் திருப்பூர்’ என்று சொல்லுமளவிற்கு ஆயத்த ஆடைத் தொழில் அங்கே வேரூன்றியிருக்கிறது. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் பல ஆடைகளுக்கு வெட்டுகிறார், ஒருவர் தைக்கிறார், ஒருவர் காஜா எடுக்கிறார், ஒருவர் பொத்தான் வைக்கிறார்.

அங்கே உருவாகும் ஆடை எந்தத் தனி மனிதரின் உடலையும் அளந்து தைக்கப்படுவதன்று. சிறியது, நடுத்தரம், பெரியது என்று முன்னரே வகுத்த சில அளவுகள் உண்டு. வாங்குவோர் அவற்றுள் தமக்குப் பொருந்துவதைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆடை வணிகத்திற்கு இது ஏற்ற முறைதான். ஆனால் இதே முறையை நம் குடும்பங்கள் பெண் தேடும்போதும் கையாளுகின்றனவே, அதை என்னென்பது? நிறம் சிவப்பாக இருக்க வேண்டும். உயரம் இவ்வளவு வேண்டும். உடல் மெலிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அளவை வகுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்கின்றனர். அந்த அளவுக்குள் அடங்காத பெண், தேநீர்த் தட்டை ஏந்தி வந்து நின்றுவிட்டு, பதில் வராத வீட்டில் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கிறாள். அவள் ஓதிய ஓதலும் கற்ற கல்வியும் கைவேலையும் குணமும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? நம் முன்னோரிடம் என்றும் இருந்ததா? மார்க்கம் நமக்குத் தந்ததா? வரலாற்றைப் புரட்டினால் இரண்டும் இல்லை என்பது தெளிவாகும்.

கறுப்பைப் போற்றிய கடற்கரை

ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். அரபு நாட்டவர் ‘மஅபர்’ என்று அழைத்த நிலம் இதுவே. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் அன்று செழித்திருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார். ஹொர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் அங்கே வந்து நின்றன. பாண்டிய மன்னரிடம் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் போன்ற முஸ்லிம் பெருமக்கள் அமைச்சர்களாக வீற்றிருந்த காலம் அது.

மஅபர் நாட்டில் துணியை வெட்டித் தைக்கும் தையற்காரரே இல்லை என்கிறார் மார்க்கோ போலோ. அரசன் முதல் ஆண்டி வரை தைக்காத துணியையே உடுத்தினர் என்பது அவர் கண்ட காட்சி. பயணிகளுக்கு இயல்பான மிகைப்படுத்தல் இதில் இருக்கலாம். எனினும், தையற்காரர் இல்லை என்று அவர் எழுதிய அதே நிலப்பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே, ஊர் முழுவதும் தைக்கும் புதியம்புத்தூர் இருக்கிறது என்பது எண்ணத்தக்கது. உடை மாறியிருக்கிறது. உடலை நோக்கும் நோக்கும் அதைப் போலவே மாறியிருக்கிறது.

அவர் எழுதிய மற்றொரு செய்தி நம்மை இன்னும் வியக்க வைக்கும். இந்நாட்டில் கறுத்த நிறமே உயர்வாகக் கருதப்பட்டது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு மதிப்பு. குழந்தை பிறந்தது முதல் நல்லெண்ணெய் தேய்த்து, மேனியை மேலும் கறுக்கச் செய்தனர் என்கிறார் அவர். எண்ணெய்க் குளியலின் உண்மைக் காரணம் வேறாக இருந்திருக்கலாம். ஆயினும் கறுப்பைக் குறையாக எண்ணாத ஒரு மக்களை அவர் கண்டார் என்பதில் ஐயமில்லை.

இன்று அதே கரையில், அதே கரிசலில், பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூவைப் பாலில் கலந்து கொடுக்கிறோம். நல்லெண்ணெய் குங்குமப்பூவாக மாறியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. வடக்கிலிருந்து வந்த ஆட்சிகள், பின்னர் வெள்ளையர் ஆட்சி, வெயிலில் உழைப்போருக்கும் நிழலில் அமர்ந்திருப்போருக்கும் இடையே வளர்ந்த ஏற்றத்தாழ்வு, அரபு வழித்தோன்றல் என்பதை நிறத்தில் தேடிய குலப்பெருமை, திரைப்படம் ஆகிய அனைத்தும் அதில் பங்கு கொண்டன. இவற்றிற்கெல்லாம் முடிசூட்டினாற்போல் 1975ஆம் ஆண்டில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு மணமும் வேலையும் கிட்டாது என்று அஞ்சச் செய்யும் விளம்பரங்கள் வீடு தேடி வந்தன. 2009ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து, கறுப்பும் அழகே என்று முழங்கும் இயக்கம் ஒன்று கிளம்பியது. 2020ஆம் ஆண்டில் அம்முகப்பூச்சின் பெயரிலிருந்து சிவப்பைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது. ஆனால் நம் பெண் வீட்டாரின் குறிப்புத்தாளில் ‘நிறம்’ என்னும் வரி மட்டும் நீங்கவில்லை.

இப்னு பதூதா கண்ட வேறுபாடுகள்

ஊருக்கு ஊர் அழகும் நாணமும் வேறுபடும் என்பதை நன்கு அறிந்தவர், மொராக்கோ நாட்டு மார்க்க அறிஞர் இப்னு பதூதா. மதுரையை ஆண்ட சுல்தான்களின் குடும்பத்தில் பெண் எடுத்தவர் என்ற வகையில் அவர் நமக்கும் உறவினரே.

1342ஆம் ஆண்டளவில் அவர் மேற்குக் கரையிலுள்ள ஹொன்னாவருக்கு வந்தார். அவ்வூர் முஸ்லிம் பெண்கள் தைத்த ஆடை அணிவதில்லை. ஒரே துணியின் ஒரு முனையை இடையில் சுற்றி, மறுமுனையால் தலையையும் தோளையும் போர்த்தியிருந்தனர். நம் சேலைதான் அது. அப்பெண்கள் அனைவரும் திருக்குர்ஆனை மனனம் செய்தவர்கள் என்றும், சிறுமியர்க்கு 13 பள்ளிகளும் சிறுவர்க்கு 23 பள்ளிகளும் அங்கே இருந்தன என்றும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்.

அடுத்து அவர் மாலத்தீவு சென்றார். அங்கே அவருக்குக் காஜி பதவி கிடைத்தது. தீவுப் பெண்கள் இடுப்புத் துணி மட்டுமே அணிந்து, மேலாடையின்றி நடமாடினர். தொழுகையிலும் இறையச்சத்திலும் குறைவில்லாத மக்கள் அவர்கள். காஜியார் மேலாடை அணியுமாறு ஆணையிட்டார், பயனில்லை. தம் நீதிமன்றத்திற்கு வரும் பெண்கள் மட்டுமாவது உடலை மூடி வர வேண்டும் என்பதோடு அவர் நின்றுகொள்ள நேர்ந்தது.

1352ஆம் ஆண்டில் அவர் சகாரா பாலையைக் கடந்து, இன்றைய மௌரித்தானியாவில் உள்ள வலாதா நகரை அடைந்தார். அங்கே ஆண்களுக்குப் பெண் நண்பர்களும் பெண்களுக்கு ஆண் நண்பர்களும் வெளிப்படையாக இருந்தனர். அவ்வூர்க் காஜியின் இல்லத்திலேயே ஓர் இளம்பெண் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தாள். இவர் திடுக்கிட்டுத் திரும்ப முயன்றபோது, இவள் என் தோழி என்றார் காஜி. தன் மனைவி வேற்று ஆடவருடன் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்த இப்னு பதூதாவிடம் மற்றொருவர், எங்கள் நாட்டில் இது நல்லொழுக்கத்தோடு நிகழ்வது, உங்கள் நாட்டுப் பழக்கம் வேறு என்று விளக்கம் தந்தார். அந்த வீட்டிற்கு இப்னு பதூதா பிறகு செல்லவே இல்லை. எனினும் அம்மக்கள் தொழுகையைப் பேணுவோர், சட்டக்கலை கற்போர், குர்ஆனை மனனம் செய்வோர் என்பதையும் அவர் மறைக்காமல் பதிந்தார்.

அதே பாலைப் பகுதியில் பர்தாமா என்னும் குலத்தாரைக் கண்டார். பசும்பாலும் இடித்த தானியக் கூழும் காலையும் மாலையும் அருந்தி நன்கு பருத்த பெண்களே அங்கே பேரழகிகள். மௌரித்தானியாவில் பருமனை அழகெனக் கொண்டு, மணப் பருவத்துச் சிறுமியரை வற்புறுத்திப் பால் குடிக்கச் செய்து பருக்க வைக்கும் வழக்கம் அண்மைக் காலம் வரை நீடித்துப் பலருடைய உடல்நலத்தைக் கெடுத்ததும் உண்டு. அங்கே மெலிந்த பெண்ணுக்கு அழுகை. இங்கே பருத்த பெண்ணுக்கு அழுகை. அளவுகோல்தான் வேறு, கண்ணீர் ஒன்றே.

கரிசல் நாட்டாருக்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை அனுபவித்த தலைமுறைக்கு, ஒட்டிய கன்னமும் எலும்பு தெரியும் தோளும் பசியின் அடையாளங்கள். எனவே ‘பூசினாற்போல’ இருக்கும் உடலே அவர்களுக்கு அழகாயிற்று. அரிசியும் எண்ணெயும் அங்காடியில் குவிந்திருக்கும் இக்காலத்தில், மெலிவே செல்வத்தின் அடையாளமாகிவிட்டது.

கடற்கரையும் கரிசலும்

இனி நம் வீட்டுக்கே வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும், கோவில்பட்டி, எட்டயபுரம் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் வாழும் முஸ்லிம்கள் ஒரே கலிமாவைச் சொல்வோர். ஒரே தமிழைப் பேசுவோர். எனினும் தந்தையை அங்கே ‘வாப்பா’ என்பர். உள்நாட்டு ராவுத்தர் வீடுகளில் ‘அத்தா’ என்பர். மணமக்களைச் சேர்க்கும் முறையும் அவ்வாறே வேறுபட்டது.

காயல்பட்டினத்தில் மணமகன் மணமகள் வீட்டிற்குக் குடிவருவான். வீடு பெண்ணுக்குரியது. கணவன் வணிகத்திற்காகக் கொழும்புக்கோ பிற துறைமுகங்களுக்கோ சென்று பல மாதங்கள் தங்கிய காலத்தில், பெண் தன் தாயின் நிழலிலேயே இருந்தாள். இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் இதே வழக்கம் உண்டு. சுமத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடமும் வீடு பெண்வழியே செல்கிறது.

கரிசலில் பெண் புகுந்த வீட்டிற்குச் செல்வாள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்னும் உறவுமுறை அங்கே வலுவானது. காட்டிலும் கிணற்றடியிலும் பருத்தி எடுக்கும் இடத்திலும் சிறு வயது முதல் ஒருவரையொருவர் கண்டு வளர்ந்தவர்களுக்கிடையே மணம் நிகழ்ந்தது. அங்கே ‘பெண் பார்த்தல்’ என்று தனியே ஒரு சடங்கு பெரிதாகத் தேவைப்படவில்லை. வெயிலில் கறுத்த கை, உழைத்த கை என்பதே பொருளாக இருந்தது.

கடற்கரையிலோ பருவமடைந்த பெண் திரைக்குள் இருந்தாள். மணமகன் காணான், அவன் தாயும் தமக்கையும் சென்று கண்டு வந்து சொல்வர். அழகு அங்கே சொல்லாக மாறியது: ‘மாநிறம்’, ‘புதுநிறம்’, ‘எலுமிச்சை நிறம்’ என்னும் சொற்களெல்லாம் கண்டவர் காணாதவர்க்குச் சொல்லப் பிறந்தவை. சொல் வந்த இடத்தில் ஒப்பீடு வந்தது. ஒப்பீடு வந்த இடத்தில் விலையும் வந்தது.

ஆயினும் கடற்கரை வழக்கத்தில் ஒரு பாதுகாப்பு இருந்ததை மறுக்க இயலாது. மணத்திற்குப் பின்னும் தாய் வீட்டிலேயே இருக்கும் பெண்ணின் நிறத்தையோ உருவத்தையோ நாளும் குத்திக் காட்ட, அவ்வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் இல்லை. மறுபுறம், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும் என்னும் சுமை தந்தையரையும் உடன்பிறந்தாரையும் நெரித்தது. பெண் வீட்டார் மணமகனுக்குக் கொடுக்கும் ‘கைக்கூலி’ இலங்கையில் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே இடம்பெறும் அளவிற்கு நிலைபெற்றது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் சீர் என்ற பெயரில் அது தொடர்கிறது.

இரு வழக்கங்களின் குறைகள் மட்டும் இன்று ஒன்றுசேர்ந்திருப்பதே நம் காலத்தின் கேடு. கரிசலின் எளிமை போயிற்று. கடற்கரையின் பாதுகாப்பும் குறைந்தது. பெண் கறுப்பு என்றால் இன்னும் பத்துப் பவுன். சற்றுப் பருமன் என்றால் ஒரு வாகனம். படைத்தவன் தந்த மேனிக்கு, பெற்றவர் அபராதம் செலுத்துகின்றனர்!

மார்க்கம் காட்டிய கண்

மணம் பேசும் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் காண்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. மணம் பேசியிருந்த முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்களிடம், அப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறும், அது இருவருக்கும் இணக்கத்தை வளர்க்கும் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அழகை விரும்புவது குற்றமன்று. செல்வம், குலம், அழகு, மார்க்கம் ஆகிய நான்கிற்காகப் பெண் மணக்கப்படுகிறாள் என்று உலக வழக்கை எடுத்துரைத்த நபிகள் நாயகம், மார்க்கம் உடையவளையே தேர்ந்துகொள்ளுமாறு கூறினார்கள்.

கண் ஆணுக்கு மட்டும் உரியதன்று. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் ஒழுக்கத்திலோ மார்க்கத்திலோ குறை காணவில்லை. ஆனால் அவரோடு வாழ மனம் ஒப்பவில்லை என்று நபிகளாரிடம் வந்து முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருமாறு கூறி, அப்பெண்ணை நபிகளார் விடுவித்தார்கள். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, அவர் விருப்பத்திற்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தபோது, அம்மணத்தையே செல்லாததாக்கினார்கள். நம் வீடுகளில் மணமகனைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பெண்ணுக்கு இத்தகைய செவி கிடைக்கிறதா?

ஜுலைபீப் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. குட்டையானவர், அழகற்றவர் என்று பிறர் எண்ணியவர், குலப்பின்னணி இல்லாதவர். அவருக்காக நபிகளாரே ஓர் அன்சாரிக் குடும்பத்தில் பெண் கேட்டார்கள். தாய் தயங்கினார். திரைக்குப் பின்னிருந்த மகளோ, அண்ணலாரின் வேண்டுகோளை மறுக்கலாகாது என்று கூறி உடன்பட்டாள். பின்னர்ப் போர்க்களத்தில் பகைவர் எழுவரை வீழ்த்தி உயிர்நீத்த ஜுலைபீபைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடி, தம் கைகளாலேயே ஏந்திச் சென்றார்கள் நபிகளார்.

ஒருவரை அவருடைய தாயைச் சொல்லிப் பழித்த அபூதர் (ரலி) அவர்களை, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்னும் கருத்தில் நபிகளார் கண்டித்தார்கள். கறுப்பியின் மகனே என்பதே அப்பழிச்சொல் என விளக்குவோர் உண்டு. 632ஆம் ஆண்டில் தம் இறுதி ஹஜ்ஜின்போது, இறையச்சத்தால் அன்றி வெள்ளையருக்குக் கறுப்பரைவிட உயர்வில்லை என்று அறிவித்தார்கள். நிறத்தைக் காட்டிப் பெண்ணை மறுப்பவர் தம் தொழுகையோடு இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எட்டயபுரத்துப் புலவர்

புதியம்புத்தூரிலிருந்து வெகு தொலைவில் இல்லாத எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார் 17ஆம் நூற்றாண்டின் பெரும்புலவர் உமறு. கரிசல் நாட்டு அவைப்புலவரான அவர்தாம் அண்ணலாரின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழுக்குத் தந்தவர். காப்பிய மரபுக்கேற்ப அன்னை கதீஜா (ரலி) அவர்களின் மணத்தை விரிவாகப் பாடியிருக்கிறார். அழகைப் பாடுவது தமிழ்ப் புலவரின் இயல்பு. அதை அவர் குறைவின்றிச் செய்தார்.

ஆனால் அம்மணத்தின் உயிர்நாடி அழகன்று. கதீஜா நாயகியார் கைம்பெண், மரபுவழிச் செய்திப்படி அவருக்கு வயது 40, அண்ணலாருக்கு 25. சிரியா நாட்டிற்குச் சென்ற வணிகத்தில் அண்ணலார் காட்டிய நேர்மையை உடன்சென்ற மைசரா வந்து சொன்னார். அதைக் கேட்ட பின்னரே நாயகியார், நபீஸா என்னும் தோழி வழியாக மணத்தூது விடுத்தார். தேர்ந்தவர் பெண், தேர்ந்த அளவுகோல் நம்பகம். இம்மணத்தைப் பாடிய புலவரைப் பெற்ற மண்ணில், நிறம் பார்த்துப் பெண் எடுப்பது தகுமா?

இன்று இளைஞரும் நங்கையரும் சென்னையிலும் பிற நகரங்களிலும் ஒன்றாகப் பயில்கின்றனர், ஒன்றாகப் பணியாற்றுகின்றனர். பெற்றோர் அறியாமல் பழக்கம் வளர்கிறதே என்று வருந்துவோர், பெற்றோர் அறிய, குடும்பத்தார் முன்னிலையில், இருவரும் கண்டு மனம்விட்டுப் பேச மார்க்கம் அனுமதித்த வாயிலை முதலில் திறந்துவிடட்டும். கைப்பேசியில் வந்த நிழற்படத்தைக் கண்டு, ஒரு நொடியில் ஒரு பெண்ணின் வாழ்வைத் தள்ளிவிடும் பழக்கத்தைவிட அது எவ்வளவோ மேலானது. ஜமாஅத்துகளும் மணத் தகவல் நிலையங்களும் தம் படிவங்களிலிருந்து ‘நிறம்’ என்னும் கேள்வியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ‘மஹர் எவ்வளவு தர இயலும்?’ என்று மணமகனைக் கேட்கும் வரியைச் சேர்க்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை, மனம்தான் வேண்டும்.

ஆடை பொருந்தவில்லை என்றால், தையற்காரர் ஆடையைத்தான் பிரித்துத் தைக்கிறார். உடலைக் குறை கூறுவதில்லை. அந்த அறிவு நமக்கும் வேண்டும். நம் பெண் மக்களை அவர்களின் மேனியால் அளக்காமல், பண்பால் மதிக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!